நரகம் எங்கே இருக்கிறது?
(சமய நாவல்கள் பற்றி ஒரு வாசகனின் கருத்துகள்)



நாவல் என்றால் பொழுதுபோக்கு. சமயம் என்றால் கோயில், சர்ச், பள்ளிவாசலோடு முடிந்துவிடுகிற சமாச்சாரம். நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டும் ஒரே புத்தகத்தில் சந்தித்துக்கொண்டால் என்ன நடக்கும்? சில சமயம் அற்புதமான நாவல் பிறக்கும். சில சமயம் வெறும் பயமுறுத்தல் பிறக்கும். சில சமயம் கடையடைப்பு, தீ வைப்பு, கோர்ட் கேஸ் எல்லாம் பிறக்கும்! மூன்றாவது வகை ஏதோ தூர தேசத்தில் நடந்த கதை அல்ல. நம் பள்ளிபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருச்செங்கோட்டில் நடந்தது. ஆகவே இது நம்முடைய பாடம்.

நான் இயந்திரவியல் மாணவன். இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. கிளை நூலகத்தில் எடுத்ததும், நண்பர்களிடம் இரவல் வாங்கியதும்தான் என் படிப்பு. தேவதூதர், எமன், சொர்க்கம், நரகம், கடவுள் என்று வருகிற கதைகள் மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. அவற்றில் எதை ஏன் மதிக்கிறேன், எதை ஏன் ஓரமாக வைக்கிறேன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்!

நரகத்துக்கு எத்தனை பெயர்!

முதலில் சொற்களைப் பார்ப்போம். நரகம் என்பது வடமொழிச் சொல். 'நிரயம்' என்ற சொல்லும் உண்டு, புறநானூற்றில் வருகிறது. வள்ளுவர் 'அளறு' என்கிறார். அளறு என்றால் சேறு. காலை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சேறு! எவ்வளவு பொருத்தமான சொல் என்று யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கித் தறி போட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவையில்லை.

தேவதூதருக்கும் அப்படியே பல பெயர். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் 'சம்மனசு' என்பார்கள். முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் 'மலக்கு' என்பார்கள். வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி 3615 பாடல்களில் பாடியது. அதில் வானவரும் உண்டு, நரகமும் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ஜிபுறயீல் என்னும் வானவர் நபிகள் நாயகத்திடம் வருகிறார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கிலத்தில் ஜான் பன்யன் 1678-இல் எழுதிய கதையைத் தழுவி, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் செய்தார். பாவச் சுமையோடு புறப்பட்ட ஒருவன் மோட்ச நகரம் வரை நடக்கிற கதை அது. ஆக சைவம், வைணவம், சமணம், பௌத்தம் மட்டுமல்லாமல் இஸ்லாமும் கிறிஸ்தவமும்கூடத் தமிழில் பாட்டாகவும் கால் ஊன்றின.

பாட்டுக்கும் நாவலுக்கும் என்ன வித்தியாசம்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். சமயக் காப்பியம் நம்பிக்கையோடு தொடங்கி நம்பிக்கையோடு முடியும். நாவலில் வருகிற மனிதன் காலையில் எழுந்து பால் வாங்கப் போகவேண்டும், வாடகை தரவேண்டும், பொண்டாட்டியிடம் பேச்சு வாங்கவேண்டும். அந்த மனிதன் முன்னால் கடவுளோ நரகமோ வந்து நின்றால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எனவே சமய நாவலின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கேள்வி இல்லாத சமய நாவல், மோட்டார் இல்லாத தறி மாதிரிதான். பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் துணி வராது.

நரகத்துக்கு அளவெடுத்த வாலிபர்

நம் பாலிடெக்னிக் நண்பர்களுக்குப் பிடித்தமான ஒரு சங்கதியைச் சொல்கிறேன். இத்தாலியக் கவி தாந்தே (இறப்பு 1321) தமது மகா காவியத்தின் முதல் பாகத்தை நரகத்துக்கே ஒதுக்கினார். அந்த நரகம் பூமிக்குள் இறங்குகிற ஒரு புனல் போன்றது. ஒன்பது வட்டங்கள். கீழே போகப்போகத் தண்டனை கடுமையாகும். அடியில் நெருப்பு இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பனிக்கட்டி! துரோகம் செய்தவர்கள் அந்தப் பனியில் உறைந்து கிடக்கிறார்கள். சாத்தானும் மார்பளவு உறைந்து நிற்கிறான். கோபத்தில் செய்த பாவத்தைவிட, நம்பியவனைக் குளிர்ந்த மனதோடு காட்டிக்கொடுப்பதுதான் பெரிய பாவம் என்பது தாந்தேயின் கணக்கு. இதற்கு மதம் தேவையில்லை. எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

இந்த நரகத்தின் வடிவம், இடம், அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு 1588-இல் பிளாரன்ஸ் நகரத்துக் கழகத்தில் 24 வயது இளைஞர் ஒருவர் இரண்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவர் யார் தெரியுமா? கலிலியோ! சாத்தானின் உயரம் எவ்வளவு, இவ்வளவு பெரிய குழிக்கு மேலே உள்ள மண்கூரை தாங்குமா என்றெல்லாம் கணக்குப் போட்டார். பிளாரன்ஸ் தேவாலயத்தின் குவிமாடத்தை உதாரணம் காட்டிக் கூரை தாங்கும் என்றார். ஆனால் ஒரு பொருளை அதே வடிவத்தில் பல மடங்கு பெரிதாக்கினால் எடை கன விகிதத்தில் கூடும். அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ வர்க்க விகிதத்தில்தான் கூடும். எனவே சின்ன மாடலில் நிற்பது பெரிதாக்கினால் இடிந்து விழலாம். இதை விளக்கியவரும் அதே கலிலியோதான், 1638-இல் வெளிவந்த நூலில். அந்தச் சிந்தனைக்கு வித்து நரகக் கணக்கில்தான் விழுந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். நாம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் மல்லுக்கட்டுகிற விஷயத்தின் ஒரு வேர் நரகத்தில் இருக்கிறது என்றால், "அப்பவே நெனச்சேன்!" என்று சிலர் சொல்லக்கூடும்!

விறுவிறுப்பு வேறு, விசாரணை வேறு

தேவதை, சாத்தான் என்ற பெயரைப் பார்த்ததும் இன்று பலருக்கு நினைவு வருவது டான் பிரவுன். 2000-இல் வந்த 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' நாவலில் ஸெர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து கால் கிராம் எதிர்ப்பொருள் திருடு போகிறது; அதை வைத்து வாடிகனைத் தகர்க்கத் திட்டம். ஒரே ராத்திரியில் படித்து முடிக்கலாம். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் ஸெர்ன் கூடத்தில் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் சேர்த்தாலும், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் பத்துப் பங்குகூடத் தேறாது. அது போகட்டும், கதைக்குக் கால் இல்லாவிட்டால் என்ன! என் குறை வேறு. அந்த நாவலில் தேவதைகள் ரோமாபுரித் தெருக்களில் வழி காட்டும் சிலைகள் மட்டுமே. கைகாட்டி மரம் செய்கிற வேலையைத்தான் தேவதை செய்கிறது. நம்பிக்கை உள்ளவன் மனசில் என்ன நடக்கிறது, நம்பிக்கை இழந்தவன் எதைப் பிடித்துக்கொள்கிறான் என்ற விசாரணைக்கு அங்கே நேரமில்லை. வண்டி அவ்வளவு வேகம்!

இதற்கு நேர் எதிர் முனையில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). எண்ணூறு பக்கத்துக்கு மேல். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பாகம். ஒரு மாபெரும் கோயில். அதைச் சுற்றி ஒரு நகரம். நடுப் பாகத்தில் பல தரிசனக்காரர்கள் உட்கார்ந்து வாதம் செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அந்த வாதம் நடக்கிற இடங்களில் எனக்கு நாலு தடவை தூக்கம் வந்தது. ஆனால் முடித்தபோது ஒன்று பிடிபட்டது: கோயில் எவ்வளவு பெரிதாக வளர்கிறதோ, அவ்வளவு அதில் சாமி யார், அதிகாரம் யார் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிறது. கடைசியில் பிரளயம் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகிறது. பொறுமை உள்ளவர்கள் செமஸ்டர் லீவில் முயன்று பார்க்கலாம்.

கடவுளுக்குக் காப்பி, தேவதூதனுக்குக் கோழிக்கூண்டு

சிறுகதைதான் என்றாலும் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பேச முடியாது.

முதலாவது, புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னைப் பட்டணத்துத் தெருமுனையில் கடவுள் பிரத்தியட்சமாகிறார். அவரைக் கண்டு கந்தசாமிப் பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. காப்பி சாப்பிட அழைத்துப் போகிறார். பிள்ளை ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். அவருக்குச் சந்தா சேர்க்கிற கவலை. கடவுளோ நாட்டியம் ஆடிப் பிழைக்கப் பார்த்தும் எடுபடவில்லை. வரம் கொடுப்பது சுலபம், மனிதர்களோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம் என்று அவருக்கே புரிந்துபோகிறது. ஆயுள் சந்தாவைக் கட்டிவிட்டு மறைந்துவிடுகிறார்! சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி நிற்கும்: கடவுளே மாதச் சம்பளத்தில் வாழ முடியாத ஊரில் மனிதன் எப்படி வாழ்கிறான்?

இரண்டாவது, கொலம்பியா தேசத்து எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கதை. 1968-இல் வெளியானது. மழைக்குப் பின் ஒரு வீட்டு முற்றத்துச் சேற்றில், பெரிய சிறகுகள் உள்ள ஒரு கிழவன் விழுந்து கிடக்கிறான். தேவதூதன் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கோழிக்கூண்டில் அடைத்து, வேடிக்கை பார்க்க டிக்கெட் போடுகிறார்கள்! வந்த காசில் மாடி வீடு கட்டுகிறார்கள். பாதிரியார் லத்தீனில் பேசிப் பார்க்கிறார்; கிழவனுக்கு லத்தீன் தெரியவில்லை என்றதும் சந்தேகப்படுகிறார். அப்புறம் சிலந்தி உடம்போடு ஒரு பெண் ஊருக்கு வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

கோழிக்கூண்டுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கதையைக் கட்டாயம் படிக்கவேண்டும். நம்ம ஊரில் ஒரு தேவதூதன் விழுந்தால் நாம் வேறு மாதிரியா நடந்துகொள்வோம்? செல்போனில் படம் எடுத்த பிறகுதான் "தண்ணி வேணுமா சாமி?" என்று கேட்போம். இரண்டு கதையிலும் கடவுளுக்கோ தேவதூதனுக்கோ பரீட்சை இல்லை. பரீட்சை நமக்குத்தான்.

படிக்கட்டுக்குக் கீழே ஏழாம் உலகம்

இனி நரகத்துக்கு வருவோம். எமலோகம் என்றால் நமக்கு சினிமா செட்தான் கண்முன் வரும். 1990-இல் ரஜினி நடித்த அதிசயப் பிறவி, 2005-இல் கருட புராணத்தண்டனைகளைக் காட்டிய அந்நியன் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். கொப்பரையில் எண்ணெய் கொதிக்கும், புகை வரும். படம் முடிந்து வெளியே வந்தால் பயம் போய்விடும்.

பயம் போகாத நரகம் ஒன்றை நான் படித்தது ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) நாவலில்தான். பாலாவின் 'நான் கடவுள்' (2009) படத்துக்கு ஆதாரமான நாவல் அது. பழநி மலையடிவாரத்தில் ஊனமுற்ற பிச்சைக்காரர்களை வாங்கி விற்கிற ஒரு தொழில். அவர்களுக்குப் பெயர் 'உருப்படி'. அந்தத் தொழிலைச் செய்கிற போத்திவேலு பண்டாரம் கொம்பு முளைத்த அரக்கன் அல்ல. சாமி கும்பிடுகிறவர், பெண் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிற தகப்பன். அதுதான் அச்சமூட்டுகிறது. அதே சமயம் அந்த உருப்படிகள் தங்களுக்குள் கேலி பேசுகிறார்கள், பாசம் வைக்கிறார்கள், பிள்ளைக்காக அழுகிறார்கள். நரகத்தின் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். நரகத்தை நடத்துகிறவர்களும் மனிதர்களே. மேலே மலையில் முருகன், கீழே படிக்கட்டில் ஏழாம் உலகம். நடுவில் படி ஏறிப் போகிற பக்தர்கள் நாம்தான்.

"இது கதைப்பா, இப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2025 ஜூலையில் நம் பள்ளிபாளையத்தின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. எதற்காக? காவிரிப் பாலத்துக்காகவா, துணிக்காகவா? கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் புரோக்கர்கள் மூலம் விலை போனது என்பதற்காக. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஏழாம் உலகத்தில் உடம்பு முழுசாக விலை போனது. இங்கே உறுப்பு உறுப்பாக விலை போயிருக்கிறது. எங்கள் தெருவில் பாவு பிணைக்கிறவர்களும் தார் சுற்றுகிறவர்களும் அந்தச் செய்தியைப் பற்றி உரக்கப் பேசவில்லை. டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நரகத்துக்கு 'அளறு' என்று பெயர் வைத்த வள்ளுவர் எவ்வளவு சரியாகச் சொன்னார்! முன்பணம் வாங்கியவன் கால் சேற்றில். அதை எடுக்க இன்னொரு காலை வைக்கிறான், அதுவும் சேற்றில்.

'புத்' என்னும் நரகமும் நம்ம மலையும்

இப்போது எனக்கு மிக முக்கியமான நாவல். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'. 2010-இல் காலச்சுவடு வெளியிட்டது. பலர் இதை ஒரு சண்டையின் பெயராகத்தான் அறிவார்கள். நாவலாக அறிந்தவர்கள் குறைவு.

முதலில் ஒரு பின்னணி. 'புத்' என்று ஒரு நரகம் உண்டு, பிள்ளை இல்லாதவர்கள் அதில் விழுவார்கள், அதிலிருந்து காப்பாற்றுவதால்தான் மகனுக்குப் 'புத்திரன்' என்று பெயர் என்று மனுநூலில் விளக்கம் இருக்கிறது. சொல் ஆராய்ச்சி சரியோ தப்போ, இந்த நம்பிக்கை செத்தபிறகு மட்டும் வேலை செய்வதில்லை. உயிரோடு இருக்கும்போதே வேலை செய்கிறது. கொள்ளி வைக்க ஆள் இல்லை, சொத்துக்கு வாரிசு இல்லை, விசேஷ வீட்டில் முன்னால் நிற்கத் தகுதி இல்லை என்று அது இறங்கி வருகிறது.

இந்தக் கண்ணோடு மாதொருபாகனைப் படித்துப் பாருங்கள். சுதந்திரத்துக்கு முந்திய காலம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவன் காளி, மனைவி பொன்னா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒருவர் மேல் ஒருவர் அவ்வளவு பிரியம். குழந்தை இல்லை. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்! அதற்காக மலையில் உள்ள வறடிக் கல்லைச் சுற்றுகிறாள் பொன்னா. வேண்டாத சாமி இல்லை. காளிக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சு. போகிற வருகிற இடமெல்லாம் ஒரு சொல் காத்திருக்கிறது. தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் இரவில், கூட்டத்தில் எதிர்ப்படுகிற ஆணைச் சாமியாகவே பாவித்துப் பிள்ளை வரம் பெறுகிற வழக்கம் ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததாக நாவல் சொல்கிறது. காளி சம்மதித்துவிட்டான் என்று சொல்லிப் பொன்னாவை அவள் வீட்டார் அனுப்புகிறார்கள். அப்புறம் என்ன ஆனது? நாவல் பூவரச மரத்தடியில் நம்மை விட்டுவிட்டு முடிகிறது. ஆசிரியரே 2014-இல் இரண்டு தொடர்ச்சி நாவல்கள் எழுதினார்: ஆலவாயன், அர்த்தநாரி. ஒன்றில் காளி இல்லை, மற்றொன்றில் இருக்கிறான்.

என் அத்தைக்குக் குழந்தை இல்லை. தறிப்பட்டறைக்குப் பக்கத்து அறையில் தார் சுற்றிக்கொண்டு இருப்பார். நாவலின் முதல் பாதியை நாலைந்து நாள் அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். பொன்னாவை உறவுக்காரர்கள் பேசுகிற இடத்தில் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஏங் கண்ணு, இத எழுதினவரு ஆம்பளையா?"

"ஆமாங்க அத்தை."

"நம்ம திண்ணையில உக்காந்து கேட்டுட்டுப் போயி எழுதினாப்பல இருக்குது. சீருக்குக் கூப்புடாம உட்டா வருத்தமில்ல சாமி. கூப்புட்டுட்டு, தட்டு எடுக்கறப்ப மட்டும் 'நீ அங்க உக்காரு'ம்பாங்க பாரு... அதான்."

முடிவு வரை வாசித்த பிறகு அவர் சொன்னது வேறு. "கடசி எனக்குப் புடிக்கல. ஊரு பேரச் சொல்லி எழுதினா ஊருக்காரங்களுக்கு வருத்தம் வராதா? அவிய வீட்டுப் பொம்பளைகளும் தேருக்குப் போனவங்கதான?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. புள்ள இல்லீன்னா நரகம்னு எழுதி வெச்சவனும் ஆம்பளதான? அவன ஆரும் ஒண்ணும் கேக்கலியே!" என்றார்.

படிப்பு வாசனை அதிகம் இல்லாத என் அத்தை ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் பேசிவிட்டார். ஒரு நாவலை எதிர்க்கவும் முடியும், அதே நாவலில் தன் முகத்தைப் பார்க்கவும் முடியும். இரண்டும் ஒரே வாசகரிடம் இருக்கலாம். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

புத்தகத்தை எரித்தால் கேள்வி எரியுமா?

நான்கு வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்த நாவல், ஆங்கிலத்துக்குப் போன பிறகு, 2014 டிசம்பரில் திடீரென்று தெருவுக்கு வந்தது. பிரதிகள் எரிக்கப்பட்டன. கோயிலையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று புகார். அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை நீக்கிவிடுவதாக ஆசிரியர் சொன்னார், போதவில்லை. 2015 ஜனவரி 9-இல் திருச்செங்கோட்டில் கடையடைப்பு. ஜனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கையெழுத்திட்டு வந்தார் ஆசிரியர். அதை அடுத்து, தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான், தன் புத்தகங்களை விற்கவேண்டாம் என்று அறிவித்தார். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அவர். நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு வாத்தியார்!

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5-இல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது. நாவலைத் தடை செய்யவேண்டியதில்லை. பிடிக்காதவர் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். எழுத்தாளர் மறுபடியும் எழுத வரட்டும் என்பது தீர்ப்பின் சாரம். அவரும் வந்தார். அதே ஆண்டில் 'பூனாச்சி' என்ற வெள்ளாட்டின் கதை வெளியானது.

உலகத்திலும் இதுபோல் உண்டு. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானிக் வெர்சஸ்' 1988-இல் வந்தது. வெடித்த விமானத்திலிருந்து விழுகிற இருவரில் ஒருவன் தேவதூதன் போல ஆகிறான். மற்றவனுக்குக் கொம்பு முளைக்கிறது. நபிகள் நாயகத்தையும் இஸ்லாத்தையும் நிந்திக்கிறது என்று உலகெங்கும் முஸ்லிம்கள் பலர் மனம் புண்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இந்தியா அதன் இறக்குமதியைத் தடுத்தது. 1989 பிப்ரவரி 14-இல் ஈரானின் கொமேனி மரண தண்டனை அறிவித்தார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 2022 ஆகஸ்ட் 12-இல் நியூயார்க் மாநிலத்தில் மேடையில் வைத்து அவரைக் கத்தியால் குத்தினான் ஒரு வாலிபன். ஒரு கண் போய்விட்டது. அவனுக்கு வயது 24; நாவல் வெளிவந்தபோது அவன் பிறக்கவே இல்லை!

மனம் புண்படுவது பொய் என்று நான் சொல்லவில்லை. என் அத்தைக்கே வருத்தம் இருந்தது. சாமி என்பது பலருக்குப் பெற்ற தாய் மாதிரி. தாயைப் பற்றிப் பேசினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தைச் சொல்ல வழி வேண்டும். பதில் கட்டுரை எழுதலாம், கூட்டம் போட்டுப் பேசலாம், எதிர் நாவலே எழுதலாம். ஆனால் பக்கத்தைப் புரட்டாமல் தீக்குச்சியை எடுக்கிறவன், தன் சாமிக்குப் பலம் போதாது என்றுதான் ஊருக்குச் சொல்கிறான். மாதொருபாகன் என்றால் யார்? பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமி! அந்தச் சாமியின் மலையடிவாரத்தில், ஒரு பெண்ணின் வேதனையைச் சொன்ன புத்தகம் எரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

எப்படிப் படிக்கலாம்?

சமய நாவல்களைப் படிக்க நான் கைக்கொள்கிற நாலு சோதனைகளைச் சொல்கிறேன். லேபில் சாம்பிளைச் சோதிப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாவலில் வருகிற நரகம் யாரைப் பயமுறுத்துகிறது? ஏழையையும் பெண்ணையும் மட்டும் பயமுறுத்திவிட்டு, வட்டிக்கு விடுகிறவனை விட்டுவைத்தால் அந்த நரகம் கோளாறானது.

2. கடவுளோ தேவதூதனோ வந்து போனபின் மனிதர்கள் மாறுகிறார்களா, கதை மட்டும் நகர்கிறதா? கதை மட்டும் நகர்ந்தால் அது விறுவிறுப்பு. மனிதர்கள் மாறினால் அது நாவல்.

3. ஆசிரியருக்குப் பிடிக்காத பாத்திரத்துக்கும் நியாயம் கிடைத்திருக்கிறதா? போத்திவேலு பண்டாரத்துக்குப் பிள்ளைப் பாசத்தைக் கொடுத்தாரே ஜெயமோகன், அப்படி. நாத்திகனை முட்டாளாகவோ பக்தனை மூடனாகவோ மட்டும் காட்டுகிற புத்தகம் இரண்டாம் தடவை படிக்கத் தாங்காது.

4. படித்து முடித்ததும் நம் வீட்டில் யார் முகம் நினைவுக்கு வருகிறது? யாருமே வரவில்லை என்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒருத்தர் முகமாவது வந்தால், அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.

இந்த நாலாவது சோதனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மாதொருபாகன் படித்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாறுதல் வந்தது. போன தையில் என் அக்காள் மகளுக்குக் காது குத்தினோம். சீர்த்தட்டை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது என் அம்மாவே, "நாத்தனாதான் எடுக்கோணும்" என்றார். ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அத்தை தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தை மட்டும் காது குத்தும்போது வீறிட்டு அழுதது, எல்லாக் குழந்தைகளையும் போல! நாவல் ஊரை மாற்றாது என்பார்கள். ஒரு தட்டு கை மாறியதை நான் பார்த்தேன்.

நண்பர்களே! சொர்க்கமும் நரகமும் செத்த பிறகு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. அதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கு நரகத்தைக் கட்டித் தருகிற வேலையில் நாம் கூலி வாங்காமலே சேர்ந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? அதைக் காட்டிக்கொடுக்கிற கண்ணாடிகளாக நல்ல நாவல்கள் இருக்கின்றன. மேலே சொன்ன புத்தகங்களில் நாலு என்னிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்குத் தருவேன். ஒரே நிபந்தனை: பதினைந்து நாளில் திருப்பித் தரவேண்டும், தரும்போது பிடித்ததா, பிடிக்கவில்லையா, ஏன் என்று ஒரு பக்கம் எழுதியும் தரவேண்டும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு